கொக்குக்கு எத்தனை எழுத்து?

"கொக்கு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் நிலை படிக்கும் யாரைக் கேட்டாலும் விரலை மடக்கிச் சொல்வார்கள்: கொ, க், கு. மூன்று.

வார இறுதியில் நான் உதவிக்குப் போகும் தமிழ்ப் பள்ளிக்காக ஒரு சின்ன விளையாட்டு எழுதிக் கொடுத்தேன். திரையில் ஒரு சொல் வரும். பிள்ளைகள் எழுத்துகளை எண்ணி விடையைத் தட்ட வேண்டும். ஏழு வயதுப் பெண் ஒருத்தி 3 என்று தட்டினாள். சிவப்பில் 'தவறு' என்று வந்தது. சரியான விடை 6 என்றது என் புரோகிராம். அவள் மறுபடியும் விரல் விட்டு எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், நான் எதை விட்டுட்டேன்?" என்று கேட்டாள்.

கம்ப்யூட்டர் தப்பு செய்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. டெக்ஸ்ட் ஃபைல்களைப் பிரித்துப் படிக்கும் புரோகிராம்கள் எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அந்த வேலையில் எனக்கு ஆரம்பப் பாடமே தெரியவில்லை என்பதை ஒரு குழந்தை காட்டிவிட்டாள். அன்று இரவு தொடங்கி சில மாதங்கள் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுத்துகளின் வரிசை ஒன்றை வாங்கிக்கொண்டு, விதிகளின்படி அதை உறுப்பு உறுப்பாகப் பிரித்துத் தரும் புரோகிராமுக்குப் பார்சர் என்று பெயர். தமிழில் பகுப்பி என்கிறார்கள். நீங்கள் பைத்தானில் ஒரு வரி எழுதி ரன் செய்தால், முதலில் ஓடுவது பைத்தானின் பார்சர்தான். ஒரு அடைப்புக்குறி குறைந்தால் திட்டுகிறதே, அதே ஆள்.

பிரிப்பதற்கு விதி வேண்டும், விதியை எழுத ஒரு முறை வேண்டும். 1956இல் நோம் சாம்ஸ்கி மொழிகளின் இலக்கணங்களைக் கணித முறைப்படி வகைப்படுத்தினார். 1959இல் ஐபிஎம்மில் இருந்த ஜான் பேக்கஸ், ஒரு கம்ப்யூட்டர் மொழியின் விதிகளைச் சின்னச் சின்னச் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார். 1960இல் பீட்டர் நாவர் அதை மெருகேற்றி அல்கால் 60 அறிக்கையில் பயன்படுத்தினார். 'பெரிய உறுப்பு என்பது இன்னின்ன சின்ன உறுப்புகள் சேர்ந்தது' என்று மேலிருந்து கீழே வரையறுத்துக்கொண்டே போகும் முறை அது. பேக்கஸ்-நாவர் வடிவம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

அடுத்த கட்டம் நம்ம ஊரில் நடந்தது. ஹோபோக்கனில் கிளாட்ஸ்டோன் ரயில் ஏறினால் மர்ரே ஹில் என்று ஒரு சின்ன நிலையம் வரும். அங்கே இருக்கும் பெல் ஆய்வகத்தில்தான் 1970களில் ஸ்டீபன் ஜான்சன் 'யாக்' எழுதினார். விதிகளைக் கொடுத்தால் பார்சரை அதுவே எழுதிக் கொடுத்துவிடும். மைக் லெஸ்க் எழுதிய 'லெக்ஸ்' அதற்குத் துணை: எழுத்துகளைச் சொல்சொல்லாக வெட்டித் தரும். லெக்ஸில் லெஸ்க்குடன் சேர்ந்து வேலை செய்த மாணவரின் பெயர் எரிக் ஷ்மிட். ஆமாம், பின்னாளில் கூகுளை நடத்திய அதே எரிக் ஷ்மிட். அந்த ஆய்வகத்தின் ஆல்ஃபிரட் ஆஹோவும் பிரின்ஸ்டனின் ஜெஃப்ரி உல்மனும் 1977இல் எழுதிய புத்தகத்தின் அட்டையில் ஒரு டிராகன் இருக்கும். 1986இல் வந்த அடுத்த புத்தகத்தில் மூன்றாவது ஆசிரியராக, ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு வந்த ரவி சேத்தி சேர்ந்துகொண்டார். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த உங்கள் அண்ணனோ அக்காவோ 'டிராகன் புக்' என்று பெருமூச்சு விட்டால் இதைத்தான் சொல்கிறார்கள்.

நம் மாநிலத்தின் பெயரையே சூடிக்கொண்ட ஒரு கம்பைலரும் உண்டு: ஸ்டாண்டர்ட் எம்எல் ஆஃப் நியூ ஜெர்சி. எடின்பரோவில் ராபின் மில்னர் தொடங்கிய எம்எல் என்ற ஃபங்ஷனல் மொழிக்காக அதை 1986இல் பெல் ஆய்வகத்தின் டேவிட் மெக்குவீனும் பிரின்ஸ்டனின் ஆண்ட்ரூ ஆப்பெலும் இங்கே கட்டத் தொடங்கினார்கள். ஃபங்ஷனல் மொழி என்றால், 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று கட்டளை போடாமல், கணக்கு வகுப்பில் பார்த்த சார்புகளைப் போல 'இதன் மதிப்பு இது' என்று எழுதும் மொழி. லெக்ஸும் யாக்கும் எம்எல்-லெக்ஸ், எம்எல்-யாக் என்ற உருவில் அதற்குள்ளும் வந்தன.

ஆனால் யாக் வழியில் ஒரு சங்கடம் உண்டு. விதிகளைத் தனி ஃபைலில் எழுதி, இயந்திரத்துக்குள் போட்டு, அது துப்பும் கோடை எடுத்து ஓட்ட வேண்டும். ஃபங்ஷனல் மொழிக்காரர்கள் சிலர் வேறு வழி பார்த்தார்கள்: பார்சரே ஒரு சாதாரண ஃபங்ஷனாக இருந்தால் என்ன? 'ஒரு எழுத்தைப் படி' என்பது ஒரு ஃபங்ஷன். 'இதைப் படித்துவிட்டு அதைப் படி' என்பது இரண்டு பார்சர்களை வாங்கி ஒரு பார்சரைத் தரும் ஃபங்ஷன். 'இது, இல்லாவிட்டால் அது' என்பதும் அப்படியே. செங்கல் அடுக்குவதுபோலச் சின்னதை வைத்துப் பெரியதைக் கட்டலாம். வில்லியம் பர்ஜ் 1975லேயே இந்த யோசனையைப் புத்தகத்தில் எழுதிவிட்டார். 1996இல் கிரஹாம் ஹட்டனும் எரிக் மேயரும் ஹேஸ்கெல் போன்ற மொழிகளுக்கு அதை ஒழுங்காக வகுத்துக் கொடுத்தார்கள். 2001இல் டான் லெய்யனின் 'பார்செக்' வந்த பிறகு அது அன்றாடக் கருவியாகவே ஆகிவிட்டது.

நடுவில் 1985இல் ஃபிலிப் வாட்லர் எழுதிய கட்டுரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. (இவரும் பின்னாளில் மர்ரே ஹில்லில் வேலை பார்த்தவர்.) பார்சர் தோற்றால் என்ன செய்வது என்பது கேள்வி. அவருடைய பதில்: பார்சர் ஒரே ஒரு விடையைத் தர வேண்டாம், விடைகளின் பட்டியலைத் தரட்டும். பட்டியல் காலியாக இருந்தால் தோல்வி. ஒன்று இருந்தால் நல்லது. இரண்டு இருந்தால், அந்த வரியை இரண்டு விதமாகப் பிரிக்கலாம் என்று அர்த்தம்.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய இலக்கண உதாரணம் ஒன்று ஞாபகம் வந்தது: செம்பொன்பதின்தொடி. செம்பொன் + பதின்தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி தங்கம். செம்பு + ஒன்பதின்தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. தொடி என்பது ஒரு எடையளவு. விற்பவர் ஒரு மாதிரியும் வாங்குபவர் இன்னொரு மாதிரியும் பிரித்தால் கடையில் சண்டைதான். தமிழ் இலக்கணக்காரர்கள் இதில் ஒன்றைத் தவறு என்று தள்ளவில்லை. இரண்டு பிரிப்பும் சரி, எது என்பதை இடம் பார்த்து முடிவு செய்துகொள் என்று விட்டார்கள். வாட்லர் பாணியில் சொன்னால், இரண்டு விடை உள்ள பட்டியல்.

இனி கொக்குக்கு வருவோம்.

யூனிகோட் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கான பகுதியை 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றி அமைத்தார்கள். எல்லா இந்திய எழுத்துகளுக்கும் தேவநாகரியை ஒட்டிய ஒரே வரிசை. தமிழில் இல்லாத ஒலிகளுக்கு இடம் காலியாக விடப்பட்டது. இன்றும் யூனிகோட் அட்டவணையில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று கட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்க்கலாம். அட்டவணையில் நம் 247 எழுத்துகள் இல்லை. உயிர் 12, ஆய்தம், அகரம் ஏறிய மெய் 18, சில கிரந்த எழுத்துகள், பிறகு கால், கொம்பு, சுழி போன்ற குறிகள், புள்ளி. அவ்வளவுதான். மற்றவை எல்லாம் சேர்த்துச் சேர்த்து உண்டாக்கப்படுபவை.

அதனால் 'கொக்கு' என்பது கம்ப்யூட்டருக்கு க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. ஆறு. ஒகரக் குறியையே கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம் என்று யூனிகோட் அனுமதிக்கிறது. அப்படி வந்தால் ஏழு! நம் இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை: க் என்பதோடு அ சேர்ந்தால் க. யூனிகோடில் க-தான் அடிப்படை, அதன் தலையில் புள்ளி வைத்தால் க். தலைகீழ்.

இதற்காக யூனிகோடைத் திட்டும் நண்பர்கள் எனக்கு உண்டு. 247 எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்ற குறியாக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்டது. எழுத்தை எண்ணுவது அதில் மிகவும் எளிது. ஆனால் போனும் பிரவுசரும் பேசுவது யூனிகோட். கிடங்கில் சரக்கை எந்தப் பெட்டியில் வைத்தால் என்ன, எடுக்கும்போது சரியாக எடுக்கத் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. எடுத்துத் தர வேண்டியது பார்சர். நான் அதை எழுதாமல், பெட்டிகளை எண்ணிவிட்டு எழுத்துகளை எண்ணியதாக நினைத்துக்கொண்டேன். (ஸ்விஃப்ட் மொழியில் எழுதியிருந்தால் அதுவே 3 என்று சொல்லியிருக்கும். மற்றப் பல மொழிகள் 6 என்றே சொல்லும்.)

எழுத்துப் பார்சரின் விதி மூன்று வரிதான்:

எழுத்து = உயிர், அல்லது ஆய்தம், அல்லது உயிர்மெய்
உயிர்மெய் = அகரமெய், பிறகு ஒரு குறி இருந்தால் அந்தக் குறி
குறி = புள்ளி, அல்லது உயிர்க்குறி

'உயிர்மெய்' என்ற பெயருக்குள் தனி மெய்யையும் சேர்த்துவிட்டேன். இலக்கணப்படி தப்பு, கோடுக்கு வசதி. தமிழாசிரியர் யாராவது படித்தால் மன்னிக்கவும். இதைப் பார்செக்கில் எழுதி, சொல்லைக் கொடுத்தால் கொ, க், கு என்று மூன்று துண்டு வந்து விழுந்தது. கொக்கு பிரச்சினை முடிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுத்து பிரிந்ததும் அடுத்த செங்கல்லை வைக்கக் கை பரபரத்தது. எழுத்து சேர்ந்தால் அசை, அசை சேர்ந்தால் சீர், சீர்கள் ஒன்றையொன்று தொடும் இடம் தளை, சீர்கள் சேர்ந்து அடி, அடிகள் சேர்ந்து பா. நம் யாப்பிலக்கணத்தின் படிக்கட்டு இது. தொல்காப்பியத்தின் செய்யுளியலில் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமிதசாகரர் எழுதிய யாப்பருங்கலக்காரிகையில் இன்னும் நறுக்காக இருக்கிறது. காரிகையில் ஒரு அழகு: சூத்திரங்கள் ஒரு பெண்ணை விளித்துச் சொல்வதுபோல எழுதப்பட்டவை.

அசையின் விதியைப் பாருங்கள்:

அசை = நிரை, அல்லது நேர்
நிரை = குறில், பிறகு ஒரு குறிலோ நெடிலோ, பிறகு ஒற்று இருந்தால் ஒற்று
நேர் = ஒரு குறிலோ நெடிலோ, பிறகு ஒற்று இருந்தால் ஒற்று

ஒற்று என்றால் புள்ளி வைத்த மெய். 'படிப்பு' என்பதில் ப, டி இரண்டும் குறில், கூடவே ப். ஆக 'படிப்' நிரை, 'பு' நேர். 'அம்மா' என்றால் அம், மா: நேர், நேர். நான் காரிகையின் விதியைத் தமிழில் வாசித்தபடியே ஹேஸ்கெலில் எழுதினேன். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, தட்டச்சு செய்ததுதான் வேலை.

முதல் ஓட்டத்தில் 'அம்மா'வே தோற்றது! காரணம் சொல்கிறேன், நீங்களும் ஒருநாள் இதே குழியில் விழுவீர்கள். பார்செக் முதலில் நிரையை முயன்றது. அ குறில், சரி, விழுங்கிவிட்டது. அடுத்தது ம். உயிர் இல்லை, நிரை தோல்வி. இப்போது நேரை முயல வேண்டும் அல்லவா? முயலாது. ஒரு எழுத்தை விழுங்கிய பிறகு தோற்றால், பார்செக் அடுத்த வழியைப் பார்க்காது. வேகமும் தெளிவான பிழைச் செய்தியும் வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். 'தோற்றால் விழுங்கியதைத் திருப்பிக் கொடு' என்று ட்ரை என்ற ஒரு சொல்லை நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தேன், ஓடியது.

சோதித்துப் பார்க்க வேண்டுமே? அங்கேதான் அசந்துபோனேன். ஈரசைச் சீர்களின் பெயர்கள் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். தமிழ்ப் பள்ளியில் பாட்டாக ஒப்பித்திருப்பீர்கள். தேமா என்ற சொல்லையே பிரியுங்கள்: தே, மா. நேர், நேர். கருவிளம்: கரு, விளம். நிரை, நிரை. ஒவ்வொரு பெயரும் தன்னையே பிரித்தால் தன் விதி வரும்! 'நேர்' என்ற சொல் நேரசை, 'நிரை' என்ற சொல் நிரையசை. விதியோடு டெஸ்ட் கேஸையும் பெயரிலேயே கட்டி அனுப்பியிருக்கிறார்கள். என் புரோகிராமின் முதல் ஆறு டெஸ்ட்டும் இந்தப் பெயர்கள்தான்.

நம்ம ஊரைப் போட்டுப் பார்த்தேன். ஜெர், சி: தேமா. சிட், டி: அதுவும் தேமா. வெண்பாவில் மாவுக்குப் பின் நிரை வர வேண்டும். இங்கே வருவது நேர். ஆக, 'ஜெர்சி சிட்டி'யை இரண்டு சீராக ஒரு வெண்பாவில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. ஒரே சீராகச் சேர்த்தால்? ஜெர், சிசிட், டி. நேர், நிரை, நேர். கூவிளங்காய்! வெண்பாவுக்குள் கௌரவமாக நுழைந்துவிடலாம். நியூயார்க் புளிமா. உங்கள் ஊரை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் இப்படிச் சுலபமாக முடியவில்லை. 'பாலைவனம்' என் பார்சரை மாட்டிவிட்டது. ஐ நெடில்தானே? அப்படியானால் பா, லை, வனம் என்று பிரியும், தேமாங்கனி. ஆனால் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐ குறுகி ஒலிக்கும், அசை பிரிக்கும்போது அது குறில் கணக்கு. ஐகாரக்குறுக்கம் என்று படித்தது இதைத்தான். அப்போது பா, லைவ, னம் என்று பிரியும், கூவிளங்காய். வெண்பாவில் காய் வரலாம், கனி வரக்கூடாது. ஆக, அசைப் பார்சருக்கு எழுத்து மட்டும் தெரிந்தால் போதாது. தான் சொல்லின் தொடக்கத்தில் நிற்கிறதா இல்லையா என்பதும் தெரிய வேண்டும். மூன்று வரியில் இருந்த என் கோட் இங்கே முப்பது வரியானது.

விதிகள் மாறிய கதையும் உண்டு. தொல்காப்பியத்தில் அசை நான்கு: நேர், நிரை, நேர்பு, நிரைபு. நேரோடு குற்றியலுகரம் சேர்ந்தால் நேர்பு ('வண்டு' போல), நிரையோடு சேர்ந்தால் நிரைபு ('வரகு' போல). பிற்காலத்தார் இரண்டு போதும் என்று சுருக்கிவிட்டார்கள். ஆனால் வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று இன்றும் தனி வாய்பாடு இருக்கிறதே, அதில் காசும் பிறப்பும் யார்? பழைய நேர்பும் நிரைபும்தான். விதியை எடுத்த பிறகும் ஒரு மூலையில் அது உயிரோடு இருக்கிறது. பழைய சாஃப்ட்வேரில் யாரும் தொடத் துணியாத ஒரு ஃபங்ஷன் இருக்குமே, அதேதான்.

இது எனக்கு மட்டும் தோன்றிய விளையாட்டு இல்லை. வெண்பாவின் விதிகளை சாம்ஸ்கி வகுத்த 'சூழல் சாரா இலக்கணம்' என்ற வகையில் முழுமையாக எழுத முடியும் என்று 2003இல் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டில் ஒரு கட்டுரையே வந்திருக்கிறது. வினோத் ராஜன் உருவாக்கிய 'அவலோகிதம்' என்ற மென்பொருள், நீங்கள் கொடுக்கும் பாட்டை எழுத்து, அசை, சீர், தளை என்று பிரித்து இன்ன பா என்று சொல்லும். என் பார்சர் சொல்வதை அதனோடு ஒப்பிட்டுத்தான் என் தப்புகளில் பாதியைக் கண்டுபிடித்தேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் என் மாமாவிடம் போனில் சொன்னேன். அடுத்த நாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், கம்ப்யூட்டரைத் தொல்காப்பியர் கண்டுபிடித்துவிட்டார் என்ற தொனியில் ஒரு செய்தி. அது நான் சொன்னது இல்லை. சமஸ்கிருதத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1967இல் பீட்டர் இங்கர்மன் என்பவர், பாணினியின் இலக்கண முறை பேக்கஸ் முறைக்கு மிக நெருங்கியது என்றும் அதற்கு 'பாணினி-பேக்கஸ் வடிவம்' என்று பெயர் வைக்கலாம் என்றும் ஒரு கணினி இதழுக்குக் கடிதம் எழுதினார். அது மரியாதைக்காகச் சொன்ன யோசனை. இன்று அதையே வைத்துக்கொண்டு எதையெல்லாமோ சொல்கிறார்கள். பேக்கஸ் பாணினியைப் படித்துவிட்டு எழுதவில்லை. வாட்லரும் காரிகை படித்ததில்லை. பார்சர் என்ற கருத்துக்கு, அது எவ்வளவு நேரத்தில் முடியும், எந்த விதிக்கு எந்தப் பார்சர் போதும் என்ற கணிதமெல்லாம் வேண்டும். அது 20ஆம் நூற்றாண்டில் உழைத்தவர்களின் சொத்து. அமிதசாகரர் செய்தது வேறு. காதால் கேட்கும் ஒன்றை எண்ணக்கூடிய சில உறுப்புகளாகப் பிரித்து, சின்ன விதியால் பெரிய விதியைக் கட்டி, ஒரு மாணவி மனப்பாடம் செய்யும் அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தார். அதற்கு எந்தப் பொய்யும் சேர்க்கத் தேவையில்லை.

விளையாட்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு போனேன். அதே பெண் 'கொக்கு'க்கு 3 தட்டினாள், பச்சை வந்தது. போன தடவை தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை என்றேன். "தெரியும், அம்மா சொன்னாங்க" என்றாள். பிறகு அவளே சொற்களைத் தட்ட ஆரம்பித்தாள். தன் பெயர், தம்பி பெயர், பீட்சா. கடைசியில் பாட்டியின் பெயர்: லக்ஷ்மி. திரையில் 4 என்று வந்தது. ல, க், ஷ், மி.

"க்ஷ் ஒரே எழுத்துதானே அங்கிள்? பாட்டி அப்படித்தான் எழுதுவாங்க" என்றாள்.

இலக்கணப்படி லட்சுமி என்று எழுத வேண்டும், யூனிகோடில் க்ஷ என்பது க, புள்ளி, ஷ என்று மூன்று, தட்டச்சுப் பலகையில் சில இடங்களில் ஒரே விசை. மூன்றும் எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு 3 என்று சொல்வதா 4 என்று சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு என் புரோகிராம் அந்தச் சொல்லுக்கு மட்டும் இரண்டு விடை உள்ள பட்டியலைத் தருகிறது, இரண்டுக்கும் பச்சை காட்டுகிறது. பாட்டி எப்படி எண்ணுவார் என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.